ஒரு சின்னப் புத்தகம் கிருஷ்ணகிரிக்கு வந்த வழி

கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்து லூத்தரன் சபைகளில் வளரும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடப் பரீட்சை போதாதென்று இன்னொரு பரீட்சையும் உண்டு. பதினான்கு, பதினைந்து வயதில் ‘திடப்படுத்தல்’ எடுக்கும் முன்பு போதகர் கேள்வி கேட்பார். பிள்ளைகள் மனப்பாடமாகப் பதில் சொல்ல வேண்டும். பாடப் புத்தகம் ஒன்றுதான், மார்ட்டின் லூத்தரின் சிறிய ஞானோபதேசம். சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம், ஞானஸ்நானம், பாவ அறிக்கை, இராப்போஜனம் என்று ஆறு பகுதி. ஒவ்வொரு வரிக்கும் கீழே அதன் அர்த்தம் என்ன என்று ஒரு கேள்வி, அதற்கொரு பதில்.

பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் விசுவாசப் பிரமாணத்தின் இரண்டாம் பகுதி. இயேசு கிறிஸ்து யார் என்பதற்கான பதில் அங்கேதான் வருகிறது. ஆதியும் அந்தமும் இல்லாமல் பிதாவிடமிருந்து பிறந்த மெய்யான கடவுள். கன்னி மரியாளிடம் பிறந்த மெய்யான மனிதர். இரண்டுமாக இருக்கும் ஒருவரே என் ஆண்டவர். தொலைந்து கெட்டுப்போன என்னைப் பொன்னையோ வெள்ளியையோ கொடுத்து மீட்காமல், தம் இரத்தத்தையே கொடுத்து மீட்டார். சாரம் இவ்வளவுதான். ஆனால் லூத்தர் இதை ஜெர்மனில் ஒரே மூச்சில் போகும் நெடிய வாக்கியமாக எழுதிவிட்டார். ஒரு சபையில் ஒரு பையன் ‘மெய்யான மனிதர்’ வரைக்கும் கடகடவென்று வந்து, மூச்சு வாங்கி, அங்கேயே நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். முன் வரிசையில் இருந்த அவனுடைய பாட்டி சத்தமில்லாமல் உதட்டை அசைத்து அடுத்த சொல்லை எடுத்துக்கொடுத்தார். பாட்டியின் கையில் புத்தகம் இல்லை. போதகர் அதைக் கவனிக்காததுபோல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தப் புத்தகம் கிருஷ்ணகிரிக்கு வந்து சேர முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நேர் வழியில் வரவில்லை. இரண்டு பெருங்கடலைத் தாண்டிச் சுற்றிக்கொண்டு வந்தது.

பிறந்த இடம் ஜெர்மனியின் சாக்சனி. 1528இல் லூத்தரும் கூட்டாளிகளும் அந்த நாட்டுக் கிராமச் சபைகளைப் பார்வையிடப் போனார்கள். பார்த்ததில் லூத்தருக்கு வயிறு எரிந்தது. ஜனங்களுக்குப் பரமண்டல ஜெபம்கூடத் தெரியவில்லை. சில இடங்களில் போதகருக்கே தெரியவில்லை. 1529 தொடக்கத்தில் அவர் வெளியிட்டது புத்தகம்கூட இல்லை, சுவரில் ஒட்டும் அட்டைகள். வீட்டிலும் பள்ளியிலும் கோயிலிலும் தொங்கவிட்டுப் படிக்கலாம். அந்த ஆண்டிலேயே அட்டைகள் சேர்ந்து புத்தகமாயின. வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவர் போட்ட ஏற்பாடு.

அந்த இரண்டாம் பகுதி சொல்லும் மேசியாவின் தன்மையைப் பற்றிய சண்டை லூத்தருக்கு ஆயிரம் ஆண்டு மூத்தது. இயேசு கடவுளா, கடவுள் படைத்த முதல் படைப்பா என்ற கேள்விக்காக 325இல் நிசேயாவில் ஆயர்கள் கூடினார்கள். கடவுள்தான் என்று முடிவானதும், அப்படியானால் மனிதத் தன்மை எங்கே போயிற்று என்ற அடுத்த சண்டை வந்தது. 451இல் கல்சதோனில் கூடி, ஒரே ஆளில் தேவத்துவமும் மனுஷத்துவமும் கலந்துபோகாமலும் பிரிந்துபோகாமலும் இருக்கின்றன என்று எழுதினார்கள். அதை ஏற்காத எகிப்து, ஆர்மீனியா, சிரியா சபைகள் தனி வழி போயின. அந்தச் சிரிய மரபின் ஒரு கிளை கேரளத்தில் இன்றும் இருக்கிறது. அதாவது, அந்தப் பழைய பிளவின் இரண்டு பக்கத்தாரும் இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள். யாரும் அதைப் பேசுவதாகத் தெரியவில்லை.

சிறிய ஞானோபதேசத்தில் தன்மை, தத்துவம், சாராம்சம் என்ற கிரேக்கப் பட்டறைச் சரக்கு எதுவும் கிடையாது. லூத்தர் எல்லாவற்றையும் ‘என் ஆண்டவர்’ என்ற இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். நிசேயா, கல்சதோன் சங்கங்கள் இயேசு என்ன என்று கேட்டன. இந்தப் புத்தகம் அவர் எனக்கு யார் என்று கேட்கிறது. மாடு மேய்க்கும் பிள்ளைக்கும் இது போதும் என்று லூத்தர் நினைத்திருக்கிறார்.

ஆனால் ஒரு குறை இருக்கிறது, சொல்லித்தான் ஆகவேண்டும். விசுவாசப் பிரமாணத்தில் மரியாளிடம் பிறந்தார் என்பதற்கும் பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டார் என்பதற்கும் நடுவே ஒரு காற்புள்ளிதான் இருக்கிறது. மலைப் பிரசங்கம், நல்ல சமாரியன், கெட்ட குமாரன், தொழுநோயாளியைத் தொட்டது, சகேயுவின் வீட்டில் தங்கியது, எல்லாம் அந்தக் காற்புள்ளிக்குள் போய்விட்டன. லூத்தரின் விளக்கமும் அதைத் திறக்கவில்லை. மேசியா யார் என்று இந்தப் புத்தகம் அழுத்தமாகச் சொல்கிறது. என்ன போதித்தார் என்பதற்கு அவர் கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தைத் தவிர நேரடியாக எதுவும் இல்லை.

லூத்தர் பக்கம் நின்று பேசினால், அவர் அதைக் கட்டளைப் பகுதிக்குள் ஒளித்து வைத்திருக்கிறார் எனலாம். கொலை செய்யாதே என்றால் கத்தியைக் கீழே போடுவது மட்டுமல்ல, அயலானுக்கு உடம்பில் ஒரு கஷ்டம் வந்தால் கைகொடுக்கவும் வேண்டும் என்கிறார். களவு செய்யாதே என்றால் போலிச் சரக்கு விற்காமலிருப்பது, அயலானின் பிழைப்பு பெருக உதவுவது என்கிறார். கட்டளையின் எழுத்தைத் தாண்டி மனசுக்குள் போகும் இந்தப் படிப்பு மலைப் பிரசங்கத்தில் இயேசு காட்டியதுதான். ஆனால் அவர் பெயரைச் சொல்லாமல் வருகிறது.

புத்தகம் தமிழுக்கு வந்தது தரங்கம்பாடியில். 1706 ஜூலை 9 அன்று சீகன்பால்குவும் புளூட்சோவும் கரை இறங்கினார்கள். டென்மார்க் அரசர் அனுப்பினார், ஆட்கள் ஜெர்மானியர், படித்தது ஹாலே நகரில். கேள்வி பதிலாக வேதம் சொல்லிக்கொடுப்பது தமிழுக்கு அப்போதே பழகிப்போன சங்கதி. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, அடுத்த ஆண்டு கொச்சியில் வந்த ‘கிரீசித்தியானி வணக்கம்’ இரண்டும் அன்றிக்கே அடிகளின் கைவண்ணத்தில் வந்த கத்தோலிக்க உபதேச நூல்கள்தான். பின்னால் தத்துவ போதகரான ராபர்ட் தெ நோபிலி விரிவாக ஞானோபதேசம் எழுதினார். சீகன்பால்கு அந்தக் கத்தோலிக்க ஏடுகளைத் தேடிப் பிடித்துப் படித்துத்தான் சபைத் தமிழ் கற்றார். லூத்தருக்கு எதிராகப் பாடுபட்ட சேசு சபையாரின் சொற்களை வாங்கித்தான் லூத்தரின் புத்தகம் தமிழில் பேசத் தொடங்கியது.

முதலில் ஓலைதான். எழுத்தாணிக்காரர்களை வைத்துப் படி எடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். பிறகு இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரமும் 1713இல் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்தன. அந்த எழுத்துகள் ரொம்பப் பெரியவை, காகிதம் கட்டுப்படியாகவில்லை. பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈய மூடியை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். பொறையாற்றில் காகித ஆலைகூட வைத்துப் பார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. தஞ்சாவூர் ராஜ்யத்துக்குள் வெள்ளைக்கார மிஷனரி கால் வைக்க முடியாத காலத்தில், புத்தகம் உபதேசியார்களின் மூட்டையில் உள்ளே போனது. அப்படி நடந்தவர்களில் ஒருவரான ஆரோன் 1733 டிசம்பரில் குருப்பட்டம் பெற்று முதல் தமிழ் லூத்தரன் போதகரானார்.

வழியில் இந்தப் புத்தக வடிவம் கட்சியும் மாறியது. யாழ்ப்பாணத்தில் மிஷனரி பீட்டர் பெர்சிவலோடு உட்கார்ந்து பைபிள் மொழிபெயர்ப்புக்கு உழைத்த ஆறுமுக நாவலர் (1822–1879), மிஷன் பள்ளிகளின் பலம் எங்கே இருக்கிறது என்று கண்டுகொண்டார். ‘சைவ வினாவிடை’ எழுதினார். பதி யார், பசு யார், விபூதி ஏன் என்று பிள்ளைக்குக் கேள்வி, பிள்ளைக்குப் பதில். மிஷனரிகளை அவர்களுடைய ஆயுதத்தாலேயே எதிர்த்தவர் என்று நாவலரைச் சொல்வது வழக்கம். அந்த ஆயுதத்தின் உறையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இந்த மாதிரிச் சின்னப் புத்தகம்தான்.

டேனியர்கள் 1845இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். மிஷன் வேலை லைப்சிக் மிஷன் கைக்குப் போயிற்று. திருக்குறளை ஜெர்மனிலும் லத்தீனிலும் மொழிபெயர்த்த கார்ல் கிரவுல் அதன் இயக்குநர்.

அதுவரை புத்தகத்துக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம் வேலை இல்லை. கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாரமகால் அப்போது வேறு உலகம். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் இத்தாலியரான சின்னாமி தொடங்கிய சேசு சபை மைசூர் மிஷன் இந்த எல்லைப்புறத்தில் கத்தோலிக்கர்களை உண்டாக்கியிருந்தது. தர்மபுரிப் பக்கம் கோவிலூர், கிருஷ்ணகிரிப் பக்கம் எலத்தகிரி எல்லாம் பழைய கத்தோலிக்க ஊர்கள். அவர்கள் பிள்ளைகள் படித்தது ‘சின்னக் குறிப்பிடம்’. அதுவும் கேள்வி பதில்தான். மேசியாவின் தன்மை பற்றிய பதிலில் லூத்தரின் புத்தகத்துக்கும் அதற்கும் சண்டையே கிடையாது. தரங்கம்பாடி வழி வந்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் 1779இல் ஹைதர் அலியிடம் தூது போக ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போனார். ஆனாலும் இந்தப் பக்கம் லூத்தரன் சபை எதுவும் நிற்கவில்லை. 1792இல் திப்புவிடமிருந்து பாரமகால் கும்பினியார் கைக்கு வந்தது. அடுத்த நூறு ஆண்டும் இங்கே லூத்தரன் கோயில் இல்லை.

வந்தது ஒரு சண்டையால். 1890களின் தொடக்கத்தில் லைப்சிக் மிஷனின் இளம் மிஷனரிகள் சிலர் தங்கள் தலைமையோடு மோதினார்கள். வேதாகமத்தில் ஒரு பிழையும் இருக்க முடியாது, ஒவ்வொரு சொல்லும் தேவ ஆவியால் வந்தது என்று மிஷன் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் பிடிவாதம். மிஷன் வேலையைவிட்டு நீக்கியது. நேத்தர், மோன் என்ற இருவர் அமெரிக்காவின் மிசூரி சினடைத் தேடிப் போனார்கள். அந்தச் சபை சாக்சனியிலிருந்து 1838இல் கப்பலேறிப்போன ஜெர்மானியர்களிடமிருந்து முளைத்தது. 1847இல் சினடாக அமைந்தது. வேதாகமத்தைப் பற்றிய கருத்திலும் இந்த இருவரோடு ஒத்துப்போனது. வேடிக்கை என்னவென்றால், 1893இல் மிசூரிக்காரர்கள் வெளிநாட்டு ஊழியத்துக்குத் தேர்ந்திருந்த நாடு ஜப்பான். தமிழ் தெரிந்த இரண்டு ஆட்கள் வேலையில்லாமல் வந்து நின்றதால் ஜப்பான் இந்தியாவாக மாறியது. 1894இல் இருவரையும் அனுப்பினார்கள். 1895இல் நேத்தர் கிருஷ்ணகிரியில் வேலை தொடங்கினார்.

சாக்சனியில் பிறந்த புத்தகம் சாக்சனியிலிருந்து குடிபெயர்ந்தவர்களின் காசில், மிசூரி வழியாக, சேலம் ஜில்லாவின் ஒரு தாலுகா ஊருக்கு வந்தது இப்படித்தான். சண்டை போட்டுப் பிரிந்த இரு தரப்பும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது அதே பக்கத்தை, அதே இரண்டாம் பகுதியை. மேசியாவைப் பற்றி அவர்களுக்குள் வழக்கே இருக்கவில்லை. மேசியாவைப் பற்றிச் சொல்லும் வேதாகமத்தைப் பற்றித்தான் வழக்கு.

நேத்தர் 1904இல் இறந்துபோனார். ஆனால் வேலை ஆம்பூர், வாணியம்பாடி, பர்கூர் என்று பரவியது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத தலித் குடும்பங்கள். எழுத்து அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. ஆகவே புத்தகம் கண் வழியாகப் போகவில்லை, காது வழியாகப் போயிற்று. உபதேசியார் ஒரு வரி சொல்வார், சேரி திருப்பிச் சொல்லும். மனப்பாடம் என்றாலே கிளிப்பிள்ளைப் படிப்பு என்று இன்று நாம் இளக்காரமாகப் பேசுகிறோம். பகலெல்லாம் பண்ணையாருக்குத் தலைகுனிந்து நின்றவர், இரவில் மண்ணெண்ணெய் விளக்கின் முன் எழுந்து நின்று, கடவுளானவர் என்னை விலை கொடுத்து வாங்கினார், நான் அவருக்குச் சொந்தம் என்று தன்னிலையில் உரக்கச் சொல்வது கிளிப்பேச்சு ஆகாது என்பது என் எண்ணம். அந்த வாக்கியத்தில் ‘நான்’ என்று வருவது லூத்தர் தந்த ஆகப் பெரிய கொடை.

பொன்னாலும் வெள்ளியாலும் மீட்கவில்லை என்ற வரிக்கு இந்த வட்டாரத்தில் தனிக் காது உண்டு. எல்லைக்கு அந்தப்பக்கம் கோலார் தங்கவயல். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி வெட்டிய சுரங்கங்களுக்கு வட ஆற்காடு, சேலம், சித்தூர் ஜில்லாக்களின் தலித் குடும்பங்கள் சாரை சாரையாகப் போயின. பொன்னுக்காக உயிரைக் கொடுத்தவர்கள் அவர்கள். நுரையீரலில் பாறைத்தூள் ஏறிச் செத்தவர்களின் கணக்கை யாரும் சரியாக வைக்கவில்லை. உயிரின் விலை பொன் அல்ல என்ற வரியைத் தங்கவயல் லைனில் குடியிருந்தவர் எப்படிச் சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கலாம். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது.

இந்தப் புத்தகம் காற்புள்ளிக்குள் விட்டுவிட்டதை வேறு சிலர் திறந்தார்கள். அவர்கள் மறு கோடிக்குப் போனார்கள். 1820இல் கல்கத்தாவில் ராம்மோகன் ராய், அற்புதங்களையும் தேவத்துவத்தையும் ஒதுக்கிவிட்டு இயேசுவின் போதனைகளை மட்டும் தொகுத்து வெளியிட்டார். சீராம்பூர் மிஷனரி மார்ஷ்மன் கொதித்துப்போய்ப் பதில் எழுதினார். அதற்கு முன்பே சென்னையில் ஒரு தமிழர் அந்த வழியில் இறங்கியிருந்தார். திருவேங்கடமாகப் பிறந்து வில்லியம் ராபர்ட்ஸ் ஆன அவர், கடவுள் ஒருவரே, இயேசு கடவுள் அல்லர் என்று சொல்லும் யூனிட்டேரியன் சபையை 1795இல் நிறுவினார். 1813இல் புரசைவாக்கத்தில் கோயில் கட்டினார். பிறகு காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா. விடுதலைப் போராட்டத்தில் சிறையில் இருந்தபோது இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றி எழுதிய நூல் 1945இல் காந்தியின் முன்னுரையோடு வந்தது. பணக்காரனும் ஊசிக்காதும், திராட்சைத் தோட்டக் கூலியாட்களும் குமரப்பாவுக்குப் பொருளாதாரப் பாடங்கள்.

இந்தப் புத்தகங்களைக் கற்றவர்கள் மதித்தார்கள். எந்தச் சேரியும் அவற்றை மனப்பாடம் செய்யவில்லை. போதனையை மட்டும் எடுத்துக்கொண்டவர்களுக்குச் சபை பெருகவில்லை. இயேசு எனக்கு யார் என்று சொன்ன புத்தகம் ஊர் ஊராகப் போயிற்று. நல்லவனாக இரு என்று சொல்ல ஏழைக்கு ஏற்கெனவே நூறு பேர் இருந்தார்கள். நீ யாருடையவன் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. எனக்குத் தோன்றும் காரணம் இது. இறையியலாளர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

1907இல் மிசூரி மிஷன் நாகர்கோவிலுக்கும் போயிற்று. 1958இல் இந்திய சுவிசேஷ லூத்தரன் சபை என்று தன்னாட்சி பெற்றது. அதன் பிறகு கிருஷ்ணகிரியின் முகமும் மாறத் தொடங்கியது. 1970களில் ஓசூரில் சிப்காட் வந்தது. பின்னாலேயே அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன். நாகர்கோவில் பக்கத்து லூத்தரன் பிள்ளைகள் டிப்ளமோவும் பொறியியலும் படித்துவிட்டு ஓசூருக்கு வேலைக்கு வருகிறார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து தெற்கே போன புத்தகம் நூறு ஆண்டு கழித்து அவர்கள் பெட்டியில் திரும்பி வந்திருக்கிறது. ஆந்திரத்திலிருந்து வருபவர்களின் தெலுங்கு ஞானோபதேசம் வேறு வழியில் வந்தது. 1842இல் குண்டூருக்கு வந்த ஹேயரின் வழி அது. கன்னடத்தில் லூத்தரின் புத்தகத்துக்கு இவ்வளவு அழுத்தமான பாதை அமையவில்லை. மங்களூரில் 1834இல் தொடங்கிய பாசல் மிஷன் லூத்தர் மரபும் சுவிஸ் சீர்திருத்த மரபும் கலந்தது.

வீட்டுத் தலைவன் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற லூத்தரின் ஏற்பாடுதான் ஓசூரில் முதலில் உடைந்தது. அப்பா இரவு ஷிஃப்ட், அம்மா பகல் ஷிஃப்ட். திடப்படுத்தல் வகுப்பை ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு ஒரு மணி நேரத்தில் அடக்கப் பார்க்கிறார்கள். பிள்ளைகளோ இங்கிலீஷ் மீடியம்; பள்ளியில் இரண்டாம் மொழி கன்னடமோ இந்தியோ எடுத்தவர்களும் உண்டு. தமிழ் பேச வரும், படிக்க வராது. அதற்கு ஒரு தாய் கண்டுபிடித்த வழியைப் பார்த்தேன். இரண்டாம் பகுதியை முழுக்க ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டி, மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். மகள் அதைப் பார்த்து ஒப்பித்தாள். எழுத்தைக் காப்பாற்ற நினைக்கும் நமக்கு இது பகீரென்கிறது. ஆனால் தமிழ் முதன்முதலாக அச்சேறியதே இப்படித்தான். 1554இல் லிஸ்பனில் அச்சான ‘கார்டிலா’ கிறிஸ்தவ ஜெபங்களும் உபதேசமும் அடங்கிய சின்னப் புத்தகம். தமிழ்ச் சொற்கள் அத்தனையும் ரோமன் எழுத்தில் இருக்கும். அதைத் தயாரித்தவர்கள் லிஸ்பனுக்குப் போயிருந்த தமிழர் மூன்று பேர்.